கரிக்காத கண்

உப்பளத்துக்காரன் உடம்பில் எங்கே காயம் பட்டாலும் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பாத்தியில் கிடக்கிற தண்ணீரை ஒரு கை அள்ளி அதன்மேல் தெளிப்பான். சுரீரென்று கரித்தால் புண் இன்னும் வாய் திறந்திருக்கிறது என்று பொருள். துணியைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்று செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரிக்கவில்லை என்றால் புண் மூடிவிட்டது, பாத்திக்குள் இறங்கிவிடலாம். முப்பத்தோரு வருஷமாகச் செந்தில்வேல் தன் கையையும் காலையும் இப்படித்தான் சோதித்து வந்தான். ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அந்தச் சோதனையைத்தான் அவன் தன் பெண்டாட்டியின் கண்ணிலும் செய்து பார்த்தான்.

முள்ளக்காட்டுக்குக் கிழக்கே, துறைமுகத்துக் கிரேன்கள் தலை நீட்டித் தெரிகிற இடத்தில்தான் அவர்கள் வேலை பார்த்த உப்பளம். செந்தில்வேல் வாருபலகையால் பாத்தியில் விளைந்த உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்குவான். முருகேஸ்வரி அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். கல்யாணம் முடிந்த மறுமாதத்திலிருந்து அவர்கள் இப்படித்தான் ஜோடியாக வேலை செய்தார்கள். தண்ணீர் எப்போது உப்பாக இறுகும் என்று பார்க்கக் கணக்கப்பிள்ளை கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். முருகேஸ்வரி வரப்பில் நின்று பார்த்தே சொல்லிவிடுவாள். லேசாகச் செம்மை தட்டிவிட்டது, நாளை மறுநாள் வாரலாம் என்பாள். கணக்கப்பிள்ளையின் குழாயும் அதையே சொல்லும்.

அவளுக்குச் சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. மாத்திரை இருக்கிற நாளில் போடுவாள், தீர்ந்துவிட்டால் அடுத்த விடுமுறை வரை சும்மா இருப்பாள். போன வருஷம் கார்த்திகையில் வலது கண்ணுக்குள் சிலந்தி வலை மிதக்கிறது என்றாள். நாலு நாளில் அந்த வலை கறுத்து மொத்தமாக மூடிக்கொண்டது. கண்ணுக்குள் ரத்தக்குழாய் வெடித்து நிறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலம் கடந்துவிட்டது, அந்தக் கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். இடது கண்ணிலும் அதே கோளாறு தொடங்கியிருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் லேசர் வைக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது அந்த ஒரு கண். மூன்று தடவை வைக்க வேண்டும் என்றார்கள், மூன்று தடவையும் செந்தில்வேல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். இருட்டறையில் ஒரு மிஷினில் அவள் முகவாயை வைத்து உட்கார்ந்தாள். பச்சை வெளிச்சம் பட்டுப் பட்டென்று அடித்தது. அவள் மடியில் இருந்த கை ஒவ்வோர் அடிக்கும் துள்ளியது. அவன் சுவரோரம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் தடவை முடிந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயதுதான். பொறுமையாகச் சொன்னார்.

"உள்ளே இருக்கிற திரையைக் காப்பாத்தத்தான் இந்த லேசர். அது நல்லபடியா முடிஞ்சது. ஆனா சுகர் இருக்கிறவங்களுக்கு நரம்பு ஏற்கெனவே மந்தமா இருக்கும். லேசர் வைக்கும்போது கருவிழிக்குப் போற நரம்பும் சில பேருக்கு அடிபடும். அப்ப கண்ணோட மேல்பக்கம் மரத்துப் போகும். தூசி விழுந்தாத் தெரியாது, கண்ணீரும் கம்மியாயிடும், கண்ணு காய்ஞ்சிடும். அதனால இந்தச் சொட்டு மருந்தை நாலு வேளையும் விடணும். வலி இல்லைன்னாலும் விடணும். உப்பளத்துக்குப் போனா கண்ணாடி போட்டுக்கணும். புரிஞ்சுதா?"

"சரிங்கம்மா" என்றான் செந்தில்வேல். நல்லபடியாக முடிந்தது என்ற சொல்லிலேயே அவன் மனசு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதெல்லாம் காதைத் தொட்டுவிட்டுப் போனது.

கையில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். செந்தில்வேல் நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றவன். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டிப் படித்தான். கண்ணில் வலி, எரிச்சல், சிவப்பு இருந்தால் உடனே வரவும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை நாலு தடவை படித்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டான். தினமும் காலையில் எழுந்ததும் கேட்பான்.

"வலி இருக்கா?"

"இல்லை."

"எரிச்சல்?"

"அதுவும் இல்லை. பல்லு தேய்க்க விடுங்க முதல்ல."

சிவப்பை அவன் கேட்கவில்லை. உப்பளத்தில் யார் கண்தான் சிவக்காமல் இருக்கிறது?

ஒரு மாதம் ஒழுங்காக மருந்து விட்டார்கள். கறுப்புக் கண்ணாடியும் போட்டாள். ஆனால் வேர்வையில் கண்ணாடி மூடிக்கொண்டது. தண்ணீரின் நிறம் தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, ஒரு நாள் கூடையோடு சறுக்கிப் பாத்தியில் விழுந்தாள். அதிலிருந்து கண்ணாடியைத் தூக்குச்சட்டிப் பையில் போட்டு வைத்தாள்.

ஆனி பிறந்து கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து வீசுகிற அந்தக் காற்று மேட்டில் குவித்த உப்பின் தூளை வாரி முகத்தில் அடிக்கும். அன்றைக்கு மத்தியானம் அடித்த காற்றில் எல்லோரும் முகத்தைப் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துப் பாத்தியில் வேலை பார்க்கிற ஜாஸ்லின் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி ஊதிக் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஏசினாள். வேம்பாரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், முருகேஸ்வரி வயதுக்காரி. அவள் ஏச்சுக்குக் காற்றே கொஞ்சம் பயப்படும் என்பார்கள்.

"இந்தக் காத்து நாசமாப் போக! மாதாவே, கண்ணைப் புடுங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாம் போல இருக்கு" என்றவள் தலையை நிமிர்த்தினாள். "ஏளா முருகேசு! என்னளா இது?"

முருகேஸ்வரி காற்றுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இடது கண் அகலத் திறந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு சிமிட்டல் இல்லை.

"ஒனக்குக் கரிக்கலையாளா?"

"இல்லையே" என்றாள் முருகேஸ்வரி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஏங்க, இங்க வாங்களேன். எனக்குக் கரிக்கவே இல்லைங்க."

செந்தில்வேல் வாருபலகையைப் போட்டுவிட்டு வந்தான். அவள் முகத்தையே பார்த்தான். ஏழெட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கினது மாதிரி இருந்தது.

"இங்கன உக்காரு. தலையைத் தூக்கு."

"என்ன செய்யப் போறீங்க?"

"ஆறிட்டான்னு பாக்குதேன்."

அவன் பாத்தியில் சுண்டு விரலை நனைத்தான். இருபத்தைந்து டிகிரித் தண்ணீர், நாளைக்கு உப்பாகப் போகிற தண்ணீர். விரல் நுனியை அவள் கண்ணுக்கு மேலே நிறுத்தினான். சொட்டு திரண்டது, விழுந்தது, நேராகக் கருவிழியின் மேலேயே விழுந்தது.

அவள் அப்படியே அண்ணாந்து இருந்தாள்.

"விடுங்க. எவ்வளவு நேரம் கழுத்தைத் தூக்கிட்டே இருக்க?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

செந்தில்வேல் சிரித்துவிட்டான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அந்த உப்பளத்தில் யாரும் பார்த்ததில்லை. முருகேஸ்வரியும் சிரித்தாள். ஜாஸ்லின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணாச்சி, அந்த டாக்டரம்மாட்ட சொல்லி எனக்கும் ரெண்டு அடி அடிக்கச் சொல்லுங்க. கச்சான் முடியுற வரைக்குமாவது நிம்மதியா இருக்கும்."

"ஒனக்குக் கண்ணுல வேண்டாம், வாயில வைக்கச் சொல்லுதேன்" என்றான் அவன்.

அன்று சாயந்திரம் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்தபோது முருகேஸ்வரி வேண்டாம் என்றாள். "அதான் ஆறிட்டுன்னு நீங்களே பாத்தீங்கல்லா?" அவன் குப்பியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். ஆறின புண்ணுக்கு யார் மருந்து போடுவார்கள்?

பன்னிரண்டு நாள் போயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் முருகேஸ்வரி மற்றவர்களைவிட அதிகமாக வேலை பார்த்தாள். காற்று அடிக்கும்போது எல்லோரும் குத்தவைக்க, அவள் மட்டும் கூடை சுமந்தாள். உப்புத் தூள் கண்ணில் விழுந்து, கரையாமல் இமைக்குள் உருண்டு, சிமிட்டும்போதெல்லாம் கருவிழியைச் சுரண்டியிருக்க வேண்டும். நம் கண்ணில் ஒரு தூசி விழுந்தால் குதிக்கிறோம், தேய்க்கிறோம், தண்ணீர் பொங்கி அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. அவள் கண்ணுக்குக் காவல் இருந்த வலியும் போய்விட்டது, கழுவிவிட்ட கண்ணீரும் போய்விட்டது. கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குள் கள்ளன் புகுந்த மாதிரி புண் புகுந்தது.

பதின்மூன்றாம் நாள் காலையில் அவள், "இன்னைக்குப் பனி மூட்டமா இருக்குல்லா?" என்றாள். ஆனி மாதத்தில் தூத்துக்குடியில் ஏது பனி? செந்தில்வேல் உப்புக் கூடையை எண்ணிக் கொடுக்கிற நினைப்பில் இருந்தான். ம் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது ஜாஸ்லின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏளா, கண்ணுல உப்புப் பொருக்கு ஒட்டியிருக்கு பாரு. வெள்ளையா."

"எங்க?"

"கருவிழி மேலேயே. அசையாத, எடுக்கேன்."

ஜாஸ்லின் சேலைத் தலைப்பைத் திரி மாதிரி முறுக்கி, எச்சில் தொட்டு, மெதுவாகக் கொண்டுபோனாள். வெள்ளைப் பொட்டின் மேல் தொட்டாள். வரவில்லை. இன்னொரு தடவை ஒத்தினாள். வரவில்லை. முருகேஸ்வரி கஞ்சிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துட்டியாளா?"

ஜாஸ்லினின் கை அப்படியே நின்றது. முகம் வெளிறியது.

"முருகேசு... நான் ஒன் முழியைத் தொடுதேன். ஒனக்குத் தெரியலையா?"

"தொடுதியா?"

ஜாஸ்லின் எழுந்து ஓடினாள். "அண்ணாச்சி! அண்ணாச்சி, இங்க வாங்க, சீக்கிரம் வாங்க!" அவள் ஏசாமல் கத்தினது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா ஒரு பஞ்சு நூலின் நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். மேலே, கீழே, ஓரத்தில், நடுவில். ஒவ்வொரு தடவையும், "தெரியுதா?" என்று கேட்டார். முருகேஸ்வரி ஒவ்வொரு தடவையும் இல்லை என்றாள். பிறகு ஏதோ மஞ்சள் மருந்தை விட்டு நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெரிய புண்ணா இருக்கே" என்றார். "சொட்டு மருந்து விட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? அதைத் தவிர வேற எதாவது கண்ணுல விட்டீங்களா? தண்ணி, பால், நாட்டு மருந்து எதாவது?"

செந்தில்வேல் வாயைத் திறந்தான். சுண்டு விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டான்.

"இல்லைங்கம்மா" என்றாள் முருகேஸ்வரி. "நாலு வேளையும் அவரே விட்டாரு. ஒரு வேளை தவறலை. காத்துல எதோ விழுந்துட்டு போல."

அவள் சொன்னதை டாக்டரம்மா எழுதிக்கொண்டார். மருந்து விட்டும் இப்படி வந்திருக்கிறது என்றால் ஏதோ முரட்டுக் கிருமியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். படுக்கையில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு தடவை கடுமையான மருந்து விட்டார்கள். செந்தில்வேல் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வேற என்னத்தைச் சொல்ல? அத்தனை பேரு முன்னாடி ஒங்களை ஏசுனா எனக்குத் தாங்காது."

"நான் செஞ்ச காரியத்துக்கு..."

"நானும்தான் கண்ணைத் திறந்து காட்டிட்டு உக்காந்திருந்தேன். நானும்தான் மருந்து வேண்டாம்னேன். சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். அதுதான் இரண்டாவது தப்பு. முதல் தப்புக்காவது தெரியாமல் செய்தோம் என்று ஒரு சாக்கு இருந்தது. இந்தத் தப்பைத் தெரிந்தே செய்தான். டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் புருவம் இன்னும் கொஞ்சம் நெரிந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவான். முருகேஸ்வரி சத்தம் கேட்டு அவன் பக்கம் முகத்தைத் திருப்புவாள். உட்கார்ந்துவிடுவான்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலேயே ஓடினான்.

"அம்மா. அவ பொய் சொன்னா. எனக்காகச் சொன்னா. இங்க வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு நாளா மருந்து விடலை. நான்தான் நிறுத்துனேன். அதுக்கு முன்னாடி..." சுண்டு விரலை நீட்டிக் காட்டினான். "பாத்தித் தண்ணியை இதுல தொட்டு அவ கண்ணுல விட்டேன். கரிக்கலை. கரிக்கலைன்னா ஆறிட்டுன்னு அர்த்தம். எங்களுக்கு அப்படித்தாம்மா."

டாக்டரம்மா அந்த விரலைப் பார்த்தார். அது வெடித்துப் பிளந்து உப்பேறிக் கிடந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தான்.

"அப்ப இது காய்ஞ்சு வந்த புண்ணு" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "கிருமின்னு நினைச்சு அதுமேல கடுமையான மருந்தா ஊத்திக்கிட்டிருக்கேன். அது ஆற விடாது." பிறகு அவனைப் பார்த்து, "முந்தாநாளே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஐயா என்ற சொல்லை அவனால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். கண் காயாமல் இருக்க மேல் இமையையும் கீழ் இமையையும் ஓரத்தில் சேர்த்துத் தைத்தார்கள், மூக்குப் பக்கம் மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டு. புண் மெல்ல ஆறியது. ஆனால் ஆறின இடத்தில் கருவிழி உப்புப் பாறை மாதிரி வெள்ளையாக உறைந்துவிட்டது. லேசர் வைத்துக் காப்பாற்றின உள்திரை பத்திரமாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்கு முன்னாலிருக்கிற ஜன்னல்தான் மூடிவிட்டது. வேறு கருவிழி வைக்கலாமா என்று ஜாஸ்லின் கேட்டாள், தன்னுடையதையே கொடுக்க வந்தவள் மாதிரி. உணர்வில்லாத கண்ணில் வைத்தாலும் நிற்பது கஷ்டம் என்று பதில் வந்தது. இப்போதைக்கு வெளிச்சம் தெரியும், ஆள் அசைந்தால் நிழலாடும்.

வீட்டுக்கு வந்த பிறகு முருகேஸ்வரி ஒரு தடவை அழுதாள். ஒரே தடவைதான். செந்தில்வேல் அடுப்படியிலிருந்து பார்த்தான். போன வருஷமே குருடாகிப் போன வலது கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிந்தது. தைத்த கண்ணின் ஓரத்தில் பேருக்கு ஒரு மினுக்கம், அவ்வளவுதான்.

அவன் இப்போது உப்பளத்துக்கு அரை நாள்தான் போகிறான். ஜோடி இல்லாத ஆளுக்கு வாரக் கொடுக்க மாட்டார்கள், வரப்பு கட்டுகிற வேலைதான். திரும்பி வந்ததும் அவள் கேட்பாள்.

"கடைசிப் பாத்தித் தண்ணி என்ன நிறத்துல இருக்கு?"

"செம்மை தட்டிட்டு."

"அப்ப நாளைக் கழிச்சு வாருவாவ" என்பாள் அவள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து விட வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் குப்பியைப் புதைத்து வைத்திருக்கிறான், தொட்டால் சில்லென்று இருக்கும். ஒரு நாள் மத்தியானம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். அவள் சுவரில் சாய்ந்து முகத்தைத் தூக்கினாள். அவன் இமையின் இடைவெளியை விலக்கினான். வெள்ளையாக ஒன்று அவனைப் பார்க்காமல் பார்த்தது. குப்பியை அழுத்தினான். சொட்டு விழுந்தது.

அவள் அப்படியே அண்ணாந்து இருந்தாள்.

"விடுங்க" என்றாள்.

செந்தில்வேல் விட்டுட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த ஒரு வார்த்தையை வெளியே தள்ள முடியவில்லை.

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரம். இன்னொன்று விழுந்தது. அதையும் தொட்டாள்.

"கன்னத்துல விழுதுங்க" என்றாள். பிறகு விரல் அங்கேயே நின்றது. மருந்து சில்லென்றுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது வெதுவெதுவென்று இருந்தது.

அவள் துழாவி அவன் கையைப் பிடித்தாள். விரல்களைத் தடவிக்கொண்டே வந்து, மடங்கிக் கிடந்த சுண்டு விரலைப் பிரித்து, தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கண் இரண்டும் நன்றாகவே கரித்தன.